தொண்டருக்கு என்ன கொடுப்பது? திருகோணமலைக் கடைகளில் கிடைக்கும் கௌரவிப்புப் பொருட்கள் பற்றிய மதிப்பீடு

டிசெம்பர் 5 சர்வதேச தொண்டர் தினம். ஐ.நா. பொதுச் சபை 1985இல் குறித்த நாள் அது. 2026ஐ நிலைபேறான அபிவிருத்திக்கான சர்வதேச தொண்டர் ஆண்டாகவும் அதே சபை அறிவித்திருக்கிறது. இளைஞர் கழகம், அறநெறிப் பாடசாலை, பள்ளிவாசல் குழு, பழைய மாணவர் சங்கம் என்று பலரும் தங்கள் ஆட்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கடைத்தெருவுக்கு இறங்கும் காலம் இது. இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மினுங்கும் கேடயங்கள். அவற்றோடு கண்ணாடிச் சின்னம், பதக்கம், சான்றிதழ், பொன்னாடை, ரீசேட் ஆகியவற்றையும் எடுத்து, எது காசுக்குத் தகும், எது தகாது என்று இங்கே பார்க்கிறோம்.

மூன்று கேள்விகளை வைத்தே மதிப்பிட்டோம். கடற்காற்று அடிக்கும் நம் ஊர் வீட்டில் இந்தப் பொருள் ஐந்து வருடம் தாங்குமா? பெற்றவரின் பெயரும் அவர் செய்த வேலையும் அதில் பிழையில்லாமல் இருக்குமா? அதை அவர் வேறெங்காவது பயன்படுத்த முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வருவது ஒழுங்காகத் தயாரித்த சான்றிதழுக்கு மட்டும்தான். அதற்கு அடுத்த இடம் சிறிய அக்ரிலிக் (கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்) சின்னத்துக்கு. கண்ணாடி கடைசி. காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

மரக் கேடயம்

மரம் என்று சொல்லி விற்பதில் பலது எம்.டி.எஃப். பலகை, அதாவது மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்தது. முன்பக்கம் வார்னிஷ் பளபளக்கும்; பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பூச்சு இல்லையென்றால் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை நீளும் வடகீழ்ப் பருவமழையில் பலகை ஈரத்தை உறிஞ்சும், ஓரங்கள் உப்பும். ஒருமுறை உப்பினால் பழைய நிலைக்கு வராது. ஓடர் கொடுக்கும்போதே பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் ஒரு பூச்சு அடித்துத் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது குறை பெயர்த் தகடு. பித்தளை நிறத்தில் இருந்தாலும் அது பெரும்பாலும் நிறம் ஏற்றிய அலுமினியம்தான். அதில் தவறில்லை, உண்மையான பித்தளை இந்த உப்புக்காற்றில் கறுத்துவிடும். தவறு அதை ஒட்டும் விதத்தில் இருக்கிறது. இருபக்கமும் ஒட்டும் பஞ்சு டேப் பகல் வெக்கையில் இளகும், தகடு மெல்லச் சரியும். இரண்டு மூலையிலும் சின்ன ஸ்குரு போட்டுத் தரச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது, கறையான். சுவரில் சாய்த்து வைக்கும் கேடயத்தை விட மேசையில் நிற்கும் கேடயம் பாதுகாப்பு. ஆகவே கொக்கி வைத்ததை விடக் கால் வைத்ததை வாங்குங்கள்.

அக்ரிலிக்

விலைக்கும் தரத்துக்கும் நடுவில் நிற்பது இது. 3 மில்லிமீற்றர் தகடு கையில் பிடிக்கும்போதே மெலிவாகத் தெரியும், வெயில் படும் இடத்தில் வளையும். 5க்குக் கீழே போகாதீர்கள். பாதத்துக்கு 8 அல்லது 10 கிடைத்தால் சின்னம் காற்றுக்குச் சாயாது.

அக்ரிலிக்கில் இரண்டு வகை உண்டு. வார்த்துச் செய்த தகட்டில் லேசர் செதுக்கினால் எழுத்து பனி படிந்ததுபோல் வெள்ளையாகத் தெரியும். இழுத்துச் செய்த தகட்டில் செதுக்கினால் எழுத்தும் தகட்டைப் போலவே தெளிவாக இருந்து, பக்கத்தில் போய்ச் சரித்துப் பார்த்தால்தான் வாசிக்க முடியும். இரண்டும் ராக்கையில் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு துண்டில் ஒரு சொல் செதுக்கிக் காட்டச் சொல்வதே வழி.

செதுக்காமல் அச்சடிப்பதென்றால் தகட்டில் நேரடியாக யூ.வி. முறையில் அச்சிடுவது நல்லது. ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பது மலிவு. ஆனால் ஒட்டும்போது சிக்கிய காற்று சில மாதத்தில் குமிழியாகத் தெரியும், ஓரம் தூசி பிடித்து எழும்பும். ஸ்டிக்கர்தான் கட்டுப்படியாகும் என்றால் தகட்டின் பின்பக்கம் ஒட்டி, முன்பக்கத்தால் வாசிக்கும்படி செய்யச் சொல்லுங்கள். விரல் படாத இடம் என்பதால் கூடுதல் காலம் நிற்கும்.

பாதத்தையும் தகட்டையும் கரைப்பான் பசையால் ஒட்டுவார்கள். மழை நாளில், ஈரக்காற்றில் ஒட்டினால் அந்த மூட்டு வெள்ளை பூத்துவிடும். நிகழ்வு டிசெம்பரில் என்றால் வேலையை நவம்பர் நடுப்பகுதிக்கு முன்பே கடையில் கொடுத்துவிட்டால் அவர்களும் வெயில் நாள் பார்த்துச் செய்யலாம். இன்னொன்று: லேசரில் வெட்டிய ஓரத்தை ஸ்பிரிட், தின்னர், கை கழுவும் சனிற்றைசர் எதனாலும் துடைக்கக் கூடாது. ஓரத்தில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடும். வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி போதும். தகட்டின் மேல் இருக்கும் காப்புத் தாளை மேடைக்குக் கொண்டுபோகும் அன்றைக்குத்தான் உரிக்க வேண்டும். முன்கூட்டியே உரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எல்லாம் கீறல்.

கண்ணாடி

பார்க்க அழகு. உள்ளே லேசரால் உருவம் பொறித்ததும் உண்டு, மணல் வீசிச் செதுக்கியதும் உண்டு. ஆனாலும் தொண்டர்களுக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பெற்றவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மூதூருக்கோ குச்சவெளிக்கோ பஸ்ஸில் போக வேண்டும். மூலை ஒன்று உடைந்தால் சீர்செய்ய வழியில்லை. கொழும்பில் செய்வித்து இரவு பஸ்ஸில் பொதியாக இறக்குவதென்றால் வரும்போதே உடையும் ஆபத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இருபது வருடம் ஒரே பணியில் நின்று ஓய்வு பெறும் ஒருவருக்கு, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால் ஒன்று செய்விக்கலாம். ஐம்பது பேருக்கு வேண்டாம்.

தமிழ் எழுத்து ஏறும் இடம்

எந்தப் பொருளை எடுத்தாலும் அதிகம் பிழைப்பது இங்கேதான். பிழையான பெயரோடு ஒரு கேடயத்தை வாங்கிப்போனவர் அதை வீட்டில் வெளியே வைக்க மாட்டார். செய்த செலவு முழுவதும் அந்த ஒரு எழுத்தில் போய்விடும். ஆகவே இந்தப் பகுதியைப் பொறுமையாக வாசியுங்கள்.

நம் அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது எல்லாக் கணினிக்கும் கைபேசிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யுனிகோட் இல்லை. ஆங்கில விசைகளுக்கு மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய பழைய முறை. பாமினியில் தட்டிய பைலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கும். மறுபுறம், கைபேசியில் யுனிகோட்டில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயர்ப்பட்டியலைக் கடைக்காரர் தன் பழைய கோரல் ட்ரோவிலோ போட்டோஷொப்பிலோ ஒட்டினால் கொம்பு இடம் மாறும். ‘செல்வி’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’, ‘கோ’ இரண்டும் துண்டு துண்டாகும். இதனால் பல கடைகளில் யுனிகோட்டை மாற்றி மென்பொருளில் போட்டுப் பாமினியாக்கி எடுப்பார்கள். அந்த மாற்றத்தில் வழக்கமாக விழுவது ‘ஸ்ரீ’. யுனிகோட்டில் அதை ‘ஸ்’ கொண்டும் தட்டலாம், ‘ஶ்’ கொண்டும் தட்டலாம்; கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மாற்றிக்கு ஒன்றுதான் தெரிந்திருக்கும். ஸ்ரீகாந்தன், ஸ்ரீதரன் என்ற பெயர்கள் தலையில்லாமல் அச்சாவது இதனால்தான். ‘க்ஷ’ உள்ள பெயர்களையும், ‘ஔ’ உள்ள சொற்களையும் தனியாக எடுத்துப் பாருங்கள். ‘கௌரவிப்பு’ என்ற சொல்லே ‘கெளரவிப்பு’ என்று ‘ள’ போட்டு அச்சாகிய பதாகைகள் ஊரெங்கும் தொங்குகின்றன.

செய்ய வேண்டியது இது: பெயர்ப்பட்டியலைப் பி.டி.எஃப். ஆகவும் கொடுங்கள், அதே பட்டியலைக் கடதாசியில் அச்சடித்தும் கொடுங்கள். கடைக்காரர் தன் பக்கத்தில் எழுத்தை ஏற்றி முடித்ததும் எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, அந்த இறுதிப் படத்தையே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வடிவமாக மாறிய பிறகு வேறு கணினியில் திறந்தாலும் எழுத்து குலையாது.

பெயர்ப்பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தால் இன்னொரு குழி. ‘எஸ்.’ என்ற முதலெழுத்து தமிழில் ச., சி., சு., செ., ஸ்ரீ. எதுவாகவும் இருக்கலாம். ‘ரி.’ என்றால் த., தி., து. எதுவாகவும் இருக்கலாம். ஊகிக்கக் கூடாது, தகப்பன் பெயரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். முஸ்லிம் பெயர்களில் வரும் எம்.எச்., ஏ.எல். போன்றவை ஆங்கில ஒலியிலேயே நிற்பவை, அவற்றைத் தமிழ் முதலெழுத்தாக்கினால் அது வேறு ஆளாகிவிடும். தர்சினியா தர்ஷினியா, பாத்திமாவா ஃபாத்திமாவா, ஜெகனா ஜெகானா, இதற்கெல்லாம் இலக்கண விதி கிடையாது. பெயருக்கு உரியவர் எப்படி எழுதுகிறாரோ அதுவே சரி. சிங்களத் தொண்டர்கள் இருந்தால் அவர்கள் பெயரைச் சிங்களத்திலேயே பெரிதாகப் போட்டு, தமிழைக் கீழே சிறிதாக வையுங்கள். கந்தளாய், சேருவில பக்கம் இருந்து வருகிறவர் தன் பெயரைத் தானே வாசிக்க முடியாத ஒரு சின்னத்தைக் கொண்டுபோகக் கூடாது.

அளவு: செதுக்கும் எழுத்து 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் புள்ளிகள் காணாமல் போகும், ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். ‘தொண்டர்’ என்று கொடுத்தது ‘தொணடர’ என்று வரும். பெயர் 6 முதல் 8 மில்லிமீற்றர், மற்ற வரிகள் 4 முதல் 5 என்று வைத்தால் நல்லது. இதனால் சின்னத்தில் அதிக வசனம் கொள்ளாது. கொள்ளாமல் இருப்பது நல்லதே. நிறுவனத்தின் பெயரும், தலைவர் பெயரும், அனுசரணையாளர் சின்னங்களும் முக்கால் பங்கை எடுத்து, தொண்டர் பெயர் அடியில் ஒதுங்கி நிற்கும் கேடயங்கள் நிறையப் பார்க்கிறோம். அது யாருக்குக் கொடுத்தது என்ற கேள்விக்குக் கண் முதலில் போகும் இடமே பதில். பெயர் மேலே, பெரிதாக. அடுத்து அவர் செய்த வேலை. நிறுவனத்தின் பெயர் கடைசியில்.

சான்றிதழ்

நாங்கள் முதலிடம் கொடுப்பது இதற்கு. மலிவு என்பதால் கொடுக்கும் இடம் அன்று. வேலை தேடிப் போகும் பிள்ளை நேர்முகப் பரீட்சைக்கு எடுத்துச் செல்லக்கூடியது இது ஒன்றுதான். கேடயத்தைக் கோப்பில் வைக்க முடியாது.

கடதாசி 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு இத்தனை கிராம்) தடிப்பில் இருக்கட்டும். கோடு கோடாக மேடு பள்ளம் உள்ள அலங்கார மட்டை கையில் அழகாக இருக்கும். ஆனால் லேசர் பிரின்டரின் மை பள்ளங்களில் சரியாக உருகிப் பிடிக்காது, நகத்தால் சுரண்டினால் உதிரும். வழுவழுப்பான ஆர்ட் மட்டையில் மை நன்றாகப் பிடிக்கும், ஆனால் போல்பொயின்ற் கையெழுத்து இழுபடும், ரப்பர் முத்திரை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். பளபளப்பு இல்லாத மழமழப்பான மட்டை இரண்டு தொல்லையும் இல்லாதது. இன்க்ஜெட் அச்சு வேண்டாம்: சாதாரண இன்க்ஜெட் மை வியர்வைக் கை பட்டாலே கரையும், டிசெம்பர் மழையில் சொல்லவே வேண்டியதில்லை.

லேமினேற் செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் பதில், வேண்டாம். கையெழுத்துக்கும் முத்திரைக்கும் பின்னர்தான் செய்ய முடியும். செய்த பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவோ மேலொப்பம் வைக்கவோ வழியில்லை. ஓரத்தால் ஈரம் புகுந்தால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பதில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் உறை, அதைத் தாங்க ஒரு மட்டைக் கோப்பு. சட்டம் போட்டுக் கொடுப்பதென்றால் கண்ணாடிக்கும் சான்றிதழுக்கும் நடுவே 2 மில்லிமீற்றர் மட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நேரே ஒட்டியிருந்தால் ஈரக்காலத்தில் அச்சு கண்ணாடியில் பிடித்து, எடுக்கும்போது எழுத்தோடு உரிந்து வரும்.

இப்போது வசனம். “தங்களின் அளப்பரிய சேவையைப் பாராட்டி இச்சான்றிதழ் வழங்கப்படுகின்றது” என்ற வரியை யாருக்கும் கொடுக்கலாம், ஆகவே அது யாரையும் பற்றியதாக இருக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: “2025 பெப்ரவரி முதல் நவம்பர் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில், உப்புவெளிக் கடற்கரைத் துப்புரவுப் பணியில் 34 நாட்கள், நாளுக்கு 3 மணித்தியாலமாக மொத்தம் 102 மணித்தியாலம் பணியாற்றினார். பிளாஸ்டிக் தரம் பிரித்தல், நிறுத்தல், பதிவு ஆகியன இவர் பொறுப்பு.” வாசிக்கிறவருக்கு ஆள் தெரிகிறார், அவர் என்ன செய்யக்கூடியவர் என்பதும் தெரிகிறது. கீழே தொடர் இலக்கம், வழங்கிய திகதி, கையெழுத்திட்டவரின் முழுப்பெயர், பதவி, நிறுவனத்தின் தொலைபேசி. அடையாள அட்டை இலக்கத்தைச் சான்றிதழில் போடாதீர்கள். சுவரில் தொங்கப்போகிற, முகநூலில் படம் ஏறப்போகிற தாள் அது. இலக்கம் உங்கள் பதிவேட்டில் இருந்தால் போதும்.

இந்த எண்களை எழுத வேண்டுமென்றால் வருடம் முழுக்க ஒரு கொப்பி ஓட வேண்டும். திகதி, பெயர், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, பொறுப்பாளர் கையெழுத்து என்று ஆறு நிரல். ஞாபகத்தில் இருந்து ஆண்டு முடிவில் மணித்தியாலம் எழுதினால் மேடையில் முன்னால் நின்றவருக்கு எண் கூடும், பின்னால் தேங்காய் துருவியவருக்குக் குறையும்.

வெளிநாடுகளில் இதற்கு வகுத்த படிமுறைகள் உண்டு. 2003இல் தொடங்கிய அமெரிக்க ஜனாதிபதி தொண்டர் சேவை விருது, 26 வயதும் மேலும் ஆனவர்களுக்கு 12 மாதத்தில் 100 மணித்தியாலத்துக்கு வெண்கலம், 250க்கு வெள்ளி, 500க்குத் தங்கம் என்று வைத்தது. எடின்பரோ கோமகன் பெயரில் தொடங்கிய சர்வதேச இளைஞர் விருது வேறு வழியில் போகிறது: 14 முதல் 24 வயது வரையானவர்கள், அதன் சேவைப் பகுதியில் வாரம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், வெண்கலத்துக்குக் குறைந்தது 3 மாதம், வெள்ளிக்கு 6, தங்கத்துக்கு 12 மாதம் விடாமல் வர வேண்டும். நம் ஊருக்கு இரண்டாவது பொருந்தும் என்பது எங்கள் கருத்து. கடலுக்குப் போகிறவருக்கும், தம்பலகாமத்தில் வயல் செய்கிறவருக்கும், வீட்டில் சிறு பிள்ளை உள்ள தாய்க்கும் மணித்தியாலத்தைக் குவிக்க முடியாது. விடாமல் வர முடியும். இருபது பேர் கொண்ட சிறிய குழுவில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற தரமே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே சான்றிதழ், அவரவர் எண்களோடு.

பொன்னாடை, பதக்கம், ரீசேட்

பொன்னாடையை ஐயா, அம்மா என்று நாம் கூப்பிடும் வயதினருக்கு மட்டும் வையுங்கள். ஊருக்கு உழைத்த ஒரு முதியவரின் அலுமாரியில் பொலியெஸ்டர் பொன்னாடை ஏற்கெனவே பத்து இருக்கும். அதே காசுக்குக் கொஞ்சம் கூட்டி, மருதமுனைக் கைத்தறிச் சாரமோ சால்வையோ எடுத்தால் அவர் உடுப்பார். தெய்வ உருவமோ மத அடையாளமோ நெய்த ஆடையைப் பல சமயத்தவர் கூடும் நிகழ்வுக்கு எடுக்காதீர்கள். பெண்களுக்கு ஆண் அதிதி போர்த்துவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். முன்கூட்டிக் கேட்டு, கையில் கொடுக்கவோ ஒரு பெண் அதிதியைக் கொண்டு போர்த்தவோ ஒழுங்கு செய்யுங்கள்.

பதக்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நல்லது, அவர்கள் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வரை போவார்கள். நடுவில் ஒட்டும் வட்ட ஸ்டிக்கரின் விட்டத்தை அளந்து கேளுங்கள். 50 மில்லிமீற்றருக்கு வடிவமைத்து 25 மில்லிமீற்றரில் அச்சடித்தால் தமிழ் வாசிக்க முடியாது. ஸ்டிக்கர் மேல் ஊற்றும் ரெசின் வெயிலில் மஞ்சளாகும், அதைத் தவிர்க்க முடியாது.

ரீசேட்டைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. அது வேலை உடை, வேலை தொடங்கும் நாளில் கொடுக்க வேண்டியது. கடற்கரையில் நிற்கிறவர்களுக்கு 180 ஜி.எஸ்.எம். பருத்தி, வெளிர் நிறம். பெண்கள் பலர் நீளமான, முழுக்கை உள்ளதைக் கேட்பார்கள், அளவுப் பட்டியலில் அதற்கென ஒரு நிரல் வையுங்கள். திரை அச்சில் சிறிய எழுத்தின் புள்ளிகள் மை அடைத்துப்போகும், ஆகவே முதுகில் ஒரே ஒரு சொல் பெரிதாக.

காசு பற்றி ஒரு வார்த்தை. பஸ் செலவு, சாப்பாடு, கையுறை, குடிதண்ணீர் எல்லாம் தொண்டருக்கு அன்றன்றைக்குக் கிடைக்க வேண்டியவை. அவற்றைக் கொடுக்காமல் ஆண்டு முடிவில் கேடயம் கொடுப்பது சரியில்லை. அதேநேரம் எல்லாப் பணியிலும் காசுப் பரிசு பொருந்தாது. இரத்ததானம் இதற்கு நல்ல உதாரணம். இலங்கையில் இரத்தம் முழுவதும் ஊதியமில்லாத தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே பெறப்படுகிறது. காசோ விலை உயர்ந்த பொருளோ கிடைக்கும் என்றால், தகுதியில்லாத ஒருவர் தன் நோயை மறைத்துக் கொடுக்கக்கூடும். இரண்டு தானங்களுக்கு இடையில் விட வேண்டிய நான்கு மாத இடைவெளியும் சுருங்கக்கூடும். முகாம் நடத்துகிறவர்கள் உலக இரத்ததானிகள் தினமான ஜூன் 14ஐ ஒட்டி, எத்தனையாவது தானம் என்று எழுதிய ஒரு அட்டையையும் ஒரு நல்ல சிற்றுண்டியையும் கொடுத்தால் போதும்.

கடையோடு வேலை

நகருக்குள் பிரதான வீதி, மத்திய வீதி, வடகரை வீதிப் பக்கமாக நடந்தால் அச்சு, பெனர், சின்னம் செய்யும் இடங்களைப் பார்த்துவிடலாம். ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்ற வாக்கைச் சான்றிதழுக்கு நம்பலாம், செதுக்கு வேலைக்கு நம்ப வேண்டாம். நல்ல கடைக்கு ஒரு அடையாளம் உண்டு: அச்சுக்கு முன் படியை உங்களுக்குக் காட்டி, கீழே கையெழுத்து வாங்குவார்கள். அது அவர்களுக்கும் காப்பு, உங்களுக்கும் காப்பு. முற்பணம் கட்டும்போது சிட்டையில் தகட்டின் தடிப்பு, அளவு, எண்ணிக்கை, எடுக்கும் திகதி நான்கும் எழுதியிருக்க வேண்டும். “அக்ரிலிக் சீல்ட் 40” என்று மட்டும் எழுதிய சிட்டையை வைத்துக்கொண்டு பின்னர் எதையும் கேட்க முடியாது.

நாட்கணக்கு இப்படி வரும். நிகழ்வுக்கு 21 நாள் முன் பெயர்ப்பட்டியலை மூடுங்கள். அடுத்த மூன்று நாளில் ஒவ்வொருவருக்கும் அவருடைய பெயரை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இப்படித்தானே எழுதுவீர்கள்?” என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். முழுப் பட்டியலைக் குழுவில் போட்டால் யாரும் கவனித்து வாசிக்க மாட்டார்கள். 14 நாள் முன் மாதிரி ஒன்று கையில் வர வேண்டும். 5 நாள் முன் எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும். அன்றே இருவர் இருந்து, ஒருவர் பட்டியலை வாசிக்க மற்றவர் சின்னத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். பிழை கண்டால் திருத்த அந்த ஐந்து நாள் இருக்கும். 50 சான்றிதழுக்கு 5 வெற்றுச் சான்றிதழ் கூடுதலாக, பெயர் இடம் விட்டு அச்சடித்து வையுங்கள். விடுபட்டவர் என்று கடைசி நேரத்தில் ஒருவர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். அந்தப் பெயர் பெரும்பாலும் சமையலுக்கு நின்றவரோ, மண்டபத் திறப்பை வைத்திருந்தவரோ, சாமான் ஏற்றிய ஆட்டோக்காரத் தம்பியோதான். பட்டியல் எழுதும்போதே இந்த மூவரையும் முதலில் எழுதுவது நல்லது.

நிகழ்வு நாள்

ஒரு பெயரை வாசித்து, அவர் வந்து, வாங்கி, படம் எடுத்து இறங்க அரை நிமிடம். 40 பேருக்கு 20 நிமிடம். அவர் செய்த வேலையை ஒரு வரியில் வாசித்தால் ஆளுக்கு இன்னொரு 15 விநாடி, மொத்தம் அரை மணித்தியாலம். இந்த அரை மணித்தியாலம்தான் நிகழ்வு. பிரதம அதிதியின் உரைக்கு முன்பாகவே இதை வையுங்கள். மூதூர், வெருகல் பக்கம் திரும்ப வேண்டியவர்கள் உரைகளின் நடுவே பஸ்ஸுக்கு எழும்பிப் போகும் நிலைமை வரக்கூடாது. முன் வரிசைக் கதிரைகள் தொண்டர்களுக்கு. வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள், ஜும்மா நேரம். நோன்பு மாதத்தில் மதியச் சாப்பாட்டோடு வைக்காதீர்கள். டிசெம்பரில் திறந்த வெளி வேண்டாம். டிசெம்பர் 26ஐயும் சிலர் இதற்குத் தெரிவு செய்கிறார்கள். 2004 சுனாமியில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர் இது, அன்றைக்குக் கைதட்டல் பொருந்தாது. மத்தியானம் கிண்ணியா எருமைத் தயிரோடு ஒரு சோறு கொடுங்கள், பேச்சை விட அது நினைவில் நிற்கும்.

படம் எடுக்கிறவரிடம் பட்டியலைக் கொடுத்து, பெயர் வரிசைப்படி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் 4க்கு 6 அங்குலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு படம் அச்சடித்துக் கொடுத்தால், செலவில் மிகச் சிறியதும் வீட்டில் அதிக நாள் நிற்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

அன்று வர முடியாமல் போனவர்களின் சான்றிதழ்களை அலுவலக மேசை லாச்சியில் போட்டுவிடாதீர்கள். அங்கே கிடந்தால் அடுத்த மழைக்குள் ஓரம் மஞ்சளாகிவிடும். உறையில் போட்டு, பெயரும் கிராமமும் எழுதி, ஏழு நாளுக்குள் இரண்டு பேராக வீட்டுக்குப் போய் வீட்டாரின் முன்னிலையில் அவர் செய்த வேலையை வாசித்துக் கொடுங்கள். கொடுத்த திகதியைப் பதிவேட்டில் அவர் தொடர் இலக்கத்துக்கு நேரே எழுதி, அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.